அமெரிக்காவில் மூன்றாவது கட்சி ஏன் தலையெடுப்பதில்லை?

"யார் வேண்டுமானாலும் நிற்கலாமே, பிறகு ஏன் எப்போதும் இரண்டே கட்சிகள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கலாம்தான், வாக்குச்சீட்டில் பெயர் வரவைப்பதுதான் பெரும்பாடு. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. டென்னசியில் சுயேச்சை அதிபர் வேட்பாளருக்கு 275 வாக்காளர்களின் கையெழுத்து போதும். டெக்சாஸில் 2024-இல் 1,13,151 தேவைப்பட்டது. அதிலும், அந்த ஆண்டு பிரைமரி தேர்தலில் (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதற்கட்டத் தேர்தல்) ஓட்டுப் போட்டவர் கையெழுத்திட்டால் செல்லாது! இந்த விதிகளை எழுதும் சட்டமன்றங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் அதே இரண்டு கட்சிக்காரர்கள்தானே.

சரி, பெயர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 1992-இல் ராஸ் பெரோ என்ற சுயேச்சை அதிபர் வேட்பாளர் 50 மாநிலங்களிலும் நின்று சுமார் 19 சதவீத வாக்கு வாங்கினார். ஆனால் அதிபர் யார் என்பதை முடிவுசெய்யும், மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்படும் தேர்வாளர் வாக்கு? பூஜ்யம். ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் முதலில் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் மொத்தமும் போய்விடும்.