பழைய வீட்டின் எண்ணெய்த் தொட்டியை ஏன் அகற்ற வேண்டும்?

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலைக்கு வேண்டிய எண்ணெயைச் சேமிக்கும் எஃகுத் தொட்டி, பல பழைய வீடுகளின் தோட்டத்து மண்ணில் புதைந்தோ நிலவறையில் நின்றோ இருக்கும். உலையை எரிவாயுவுக்கு மாற்றிய பிறகும் புதைந்த தொட்டியை அப்படியே விட்டுவைப்பது நல்லதன்று. வெளியே ஈரமண்ணும் உள்ளே அடியில் தேங்கிய நீரும் அதைத் துருப்பிடிக்கச் செய்ய, மிச்ச எண்ணெய் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கசியும். வடித்துவிட்ட நல்லெண்ணெய் டின்னின் அடியில் கசண்டு ஒட்டியிருப்பதுபோல், காலியாகத் தோன்றும் தொட்டியிலும் கசடு இருக்கும். ஆகவே உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியோடு, இத்தொழிலில் பயிற்சி பெற்றவர்கள் எண்ணெயை உறிஞ்சி, தொட்டியை வெட்டித் திறந்து சுத்தம் செய்து, வெளியே தூக்கியபின் குழியின் மண்ணையும் சோதிக்கிறார்கள் (உண்மையில் கையைக் கடிப்பது, கசிந்த மண்ணை அள்ளும் செலவுதான்). தொட்டி போனதும் வேலை முடிந்தது என்று பலர் நினைப்பது தவறு: நிலவறைத் தொட்டிக்கு வெளியிலிருந்து எண்ணெய் ஊற்றும் குழாயைச் சுவரில் விட்டுவைத்தால், முகவரி தவறி வரும் எண்ணெய் வண்டி நிலவறைத் தரையிலேயே எண்ணெயைக் கொட்டிவிடக்கூடும்.