காலில் அடிபட்டு, குறைத்த எடை திரும்ப ஏறிவிட்டது. மறுபடி எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தினமும் 5 கிலோமீட்டர் நடந்து 94 கிலோவிலிருந்து 83க்கு வந்திருக்கிறார். படியில் கால் பிசகி, கணுக்கால் ஜவ்வு பாதி கிழிந்து, மூன்று மாதம் நடை நின்றுபோனது. இப்போது 89. ஒரே மாதத்தில் பழைய எடைக்கு வர தினம் எட்டு கிலோமீட்டர் நடந்தால் போதுமா, ஜிம்மில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார்.

என் பதில்: இப்போதைக்கு நடந்து குறைக்க நினைக்காதீர்கள். எடையைச் சாப்பாட்டில் பிடியுங்கள். காலுக்கு, கால் தேறுவதற்கான வேலையை மட்டும் கொடுங்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, ஏறின ஆறு கிலோவையும் அரைகுறையாக ஆறின காலின் தலையில் கட்டினால், கால் மறுபடி படுத்துவிடும், எடை இன்னும் ஏறும்.

எனக்கும் கணுக்கால்தான், ஆனால் ஜவ்வு இல்லை, வெளிப்பக்க எலும்பில் கிராக். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர், காலையில் இரண்டு சுற்று போய்க்கொண்டிருந்தேன். மழை நாளில் மாடிப்படி வழுக்கி விழுந்ததில் ஆறு வாரம் மாவுக்கட்டு, அப்புறம் கொஞ்ச நாள் வாக்கர். அதனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பதற்றம், தினமும் காலையில் எழுந்ததும் தராசைப் பார்ப்பது, எல்லாம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் இந்த ஆறு கிலோ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். உங்கள் எடையில் ஒருவர் 5 கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 300 கலோரி செலவாகும். அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்தால் 200, 250 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. மூன்று மாதம் நடை நின்றதற்கு இரண்டரை, மிஞ்சிப்போனால் மூன்று கிலோதான் கணக்கில் வருகிறது. மீதி மூன்று கிலோ? அதைத் தொண்ணூறு நாளுக்குப் பிரித்தால் தினம் 250 கலோரி சொச்சம். ஒரு கைப்பிடி மிக்சரும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் சேர்ந்தாலே அது வந்துவிடும். கடைக்குப் போவது, மாடி ஏறுவது, ஆபீசில் அங்குமிங்கும் நடப்பது என்று நாம் நடையாகவே நினைக்காத நடமாட்டமும் கட்டோடு சேர்ந்து நின்றுபோகிறது, அதற்கும் ஒரு பங்கு உண்டு.

கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் ஆளை யாரும் வெறுங்கையோடு பார்க்க வருவதில்லை, எல்லாம் பாசம்தான். என் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் மருந்துச் சீட்டைவிடப் பிஸ்கட் பாக்கெட்டும் தேன்குழல் டப்பாவும்தான் அதிகம் இருந்தன. நாலு மணிக்கு வேலை எதுவும் இல்லை, கை தானாக டப்பாவுக்குப் போகும். சித்தி வாரத்தில் இரண்டு முறை ஆட்டுக்கால் சூப் வைத்து எடுத்து வருவார். இந்தச் சூப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் நிச்சயம் கொடுத்திருப்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் கொலாஜன். அதுவும் புரதம்தான், ஆனால் உடம்பு தானாகத் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபான் அதில் கிடையாது, அதனால் தசை கட்டுவதற்கு அதை மட்டும் நம்ப முடியாது. பிடித்தால் மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டுக் குடியுங்கள். புரதக் கணக்கில் மட்டும் எழுத வேண்டாம்.

அந்தப் புரதக் கணக்குதான் இப்போது உங்களுக்கு முக்கியம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று வைத்திருக்கிறது. அடிபட்டுத் தேறுகிற நேரத்தில், அதிலும் சாப்பாட்டையும் குறைக்கிற நேரத்தில், 1.2 கிராமோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ போகச் சொல்வார்கள். அதை உங்கள் 89 கிலோவுக்குப் போட வேண்டியதில்லை, உங்கள் உயரத்துக்குச் சரியான எடைக்குப் போட்டால் போதும், 75 முதல் 85 கிராமுக்குள் வரும். நம் சாப்பாட்டில் இது தானாக வருவதே இல்லை. நாலு இட்லியில் ஏழெட்டு கிராம்தான். இரண்டு முட்டை சேர்த்தால் இன்னும் 12. மத்தியானம் சோற்றைப் பாதியாக்கிவிட்டு மீன் அல்லது கோழி, சைவம் என்றால் கெட்டிப் பருப்பும் தயிரும், சாயங்காலம் மிக்சர் இடத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவில் பனீரோ மீல் மேக்கரோ. சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்ற வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரானால் சோற்றைக் குறைக்கும் முன்பும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்து எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பொரியலுக்கும் குழம்புக்கும் தோசைக்கும் ஊற்றுவதை ஒரே ஒரு நாள் அளந்து பாருங்கள், எட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய அவசியம் என்ன என்று உங்களுக்கே தோன்றும்.

ஆனால் பட்டினி வேண்டாம். ஒரு மாதத்தில் ஆறு கிலோ என்றால் தினம் 1,500 கலோரிக்கு மேல் குறைய வேண்டும், உங்களைப் போன்ற ஒருவருக்கு அது ஒரு நாள் சாப்பாட்டில் பெரும்பகுதி. அப்படிக் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், ஏற்கெனவே மூன்று மாதம் வேலை இல்லாமல் தசை கரைந்த காலுக்கு அது இன்னொரு அடி. ஜவ்வோ எலும்போ ஆறுவதற்கும் தீனி வேண்டும். தினம் 400, 500 கலோரி குறைத்தால் மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கும். 83க்கு வர மூன்று நாலு மாதம் ஆகும். ஆகட்டும்.

இனி கால். கட்டுப் பிரித்த அன்று என் காலைப் பார்த்து நான் பயந்தே போனேன். தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது, ஆடுசதை தொளதொளவென்று தொங்கியது, கணுக்கால் மட்டும் வீங்கிப்போய்ச் செருப்புக்குள் நுழையவில்லை. தையல் டேப்பை எடுத்து இரண்டு ஆடுசதைகளையும் அளந்து பார்த்தேன், வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. அசையாமல் கட்டி வைத்த தசை முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே இளைக்கத் தொடங்கிவிடும். உங்களுக்கு மாவுக்கட்டு இல்லாமல் பெல்ட் மட்டும் போட்டிருந்தாலும், மூன்று மாதம் அந்தக் காலை நம்பி ஊன்றாமலே இருந்திருப்பீர்கள். நீங்களும் அளந்து எழுதி வையுங்கள். தராசைவிட அந்த டேப் உங்களுக்கு நல்ல சேதி சொல்லும்.

என் பிசியோதெரபிஸ்ட் சின்னப் பையன்தான், ஆனால் கெட்டிக்காரர். நான் எப்போது ரேஸ் கோர்ஸ் போகலாம் என்று நச்சரித்தபோது, "அக்கா, கிலோமீட்டர் பேச்சே வேண்டாங்க. எத்தனை நிமிஷம் நடந்தீங்க, மறுநாள் காலைல கால் எப்படி இருந்துச்சு, அது ரெண்டு மட்டும் சொல்லுங்க" என்றார். அந்த இரண்டாவது கேள்விதான் சூட்சுமம். நடக்கும்போது பத்துக்கு மூன்று அளவுக்கு வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். காலையில் முதல் அடி வைக்கும்போது நேற்றைவிட விறைப்பாகவோ வீக்கமாகவோ இருந்தால், முந்தைய நாள் நடந்தது அந்தக் காலுக்கு அதிகம். அன்றைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கினாலும் தப்பில்லை, காலையும் மாலையும் பிரித்தும் நடக்கலாம். சமதளத்திலேயே நடங்கள், குண்டும் குழியுமான தெருவோர மண் இப்போது வேண்டாம்.

நடையைவிட முக்கியமானது வீட்டுக்குள் செய்யும் சின்னப் பயிற்சிகள். தரையில் துண்டை விரித்துக் கால்விரலால் சுருட்டி இழுப்பது. ரப்பர் பேண்டைப் பாதத்தில் மாட்டி நாலு பக்கமும் தள்ளுவது. அடுப்பில் பால் பொங்கும் வரை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, முதலில் இரண்டு காலிலும், அப்புறம் அடிபட்ட காலில் மட்டும். ஜவ்வு கிழிந்தவர்கள் விடவே கூடாத ஒன்று, ஒற்றைக் காலில் நிற்பது. பக்கத்தில் பிடிமானம் வைத்துக்கொண்டு முதலில் கண் திறந்து, பழகின பிறகு கண்ணை மூடி. ஒரு முறை பிசகின கணுக்கால் மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம், இந்தச் சமநிலைப் பயிற்சி அதைக் குறைக்கிறது என்பது நன்றாகவே நிறுவப்பட்டிருக்கிறது. இதில் கலோரி ஒன்றும் பெரிதாகச் செலவாகாது. ஆனாலும் அடுத்த பத்து வருடம் நீங்கள் நடக்கப்போவது இதை வைத்துத்தான்.

ஆடுசதை திடீரென்று வலித்து வீங்கினாலோ, சூடாகவோ சிவப்பாகவோ இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடமாட்டம் குறைந்தவர்களுக்குக் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம்.

எடை குறைவதால் காலுக்கு என்ன லாபம் என்றால், முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை நாலு கிலோ குறைவதாகக் கண்டார்கள். கணுக்காலுக்கும் அதே எண் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் சாப்பாட்டில் முதல் இரண்டு கிலோவை இறக்கிவிட்டு நடையைக் கூட்டினால் எந்தக் காலும் சந்தோஷப்படும். அதனால்தான் இந்த வரிசையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் தராசு ஒரு கிலோ மேலே காட்டலாம். வேலை செய்யாதிருந்த தசை மறுபடி கிளைகோஜனை, அதாவது அவசரத் தேவைக்கு எடுத்து வைக்கும் சர்க்கரைச் சத்தை, சேர்க்கும், அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அது கொழுப்பு இல்லை. அந்த நேரத்தில்தான் நிறையப் பேர் "எவ்வளவு செய்தும் ஏறுகிறதே" என்று விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒரு நாள் மட்டும் எடை பாருங்கள், கூடவே தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதுங்கள்.

ஜிம் பற்றிக் கேட்டீர்கள். தாராளமாகச் சேரலாம், இப்போதே. அடிபட்டது கணுக்கால்தானே, தோளும் முதுகும் மார்பும் நன்றாகத்தானே இருக்கின்றன, உட்கார்ந்தே செய்யும் எடைப் பயிற்சி எவ்வளவோ உண்டு. பிசியோ சரி என்றால் சைக்கிளைச் சுமை இல்லாமல் ஓட்டலாம். சேரும்போதே பயிற்சியாளரிடம் காலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். ட்ரெட்மில் ஏற்றம், ஜும்பா, ஸ்கிப்பிங் மூன்றும் அப்புறம். அடிபட்ட காலில் மட்டும் நின்று, நல்ல கால் எத்தனை முறை குதிகாலைத் தூக்குகிறதோ ஏறக்குறைய அத்தனை முறை வலியில்லாமல் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பிசியோவிடம் காட்டி, அவர் சரி சொன்ன பிறகு குதிக்கத் தொடங்கலாம்.