வாசிக்க ஆள் உண்டு, கேட்க? இணைய எழுத்தாளர் குழு பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்தபடி தெற்காசிய எழுத்தாளர்களுக்கான ஓர் இணையக் குழுவை நடத்துகிறேன். மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம், மூன்று மாதத்துக்கு ஒரு மின்னிதழ். தமிழ், உருது, சிங்களம், வங்காளம், ஆங்கிலம் என்று பல மொழிக்காரர்கள் இருக்கிறோம். இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களிடம் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சாட்ஸ்வொர்த் வாசகி: அக்கா, ஆட்கள் இந்தியா, இலங்கை, கனடா என்று சிதறிக் கிடக்கும்போது எந்த நேரத்தில் கூட்டம் வைப்பது?

இந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். டர்பனில் மதியம் 3 மணி என்றால் கராச்சியில் மாலை 6, சென்னையிலும் கொழும்பிலும் 6.30, காத்மாண்டுவில் 6.45, டாக்காவில் 7. மொரீஷியஸில் 5. லண்டனில் பகல் 1 அல்லது 2, டொராண்டோவில் காலை 8 அல்லது 9. யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சிட்னிக்காரர்கள்தான் பாவம், அவர்களுக்கு இரவு 11, அவர்கள் ஊர்க் கோடையில் நள்ளிரவு. அவர்களுக்காக எப்போதாவது ஒரு கூட்டத்தை நம் காலை 10 மணிக்கு வைக்கலாம்.

"1 அல்லது 2" என்று ஏன் சொல்கிறேன் என்றால், நமக்கும் இந்தியாவுக்கும் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இல்லை, பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் உண்டு. அவர்கள் இருவரும் ஒரே நாளில் திருப்புவதும் இல்லை. மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் கடைசியை ஒட்டி ஒரு வாரமும் குழப்பம்தான். அழைப்பிதழில் ஊர் ஊராக நேரத்தை எழுதுங்கள். "டர்பன் நேரம் 3" என்று மட்டும் போட்டால் பாதிப் பேர் கூட்டம் முடிந்த பிறகு வந்து "ஆரம்பிச்சாச்சா?" என்பார்கள்.

கிழமைக்குச் சனி நல்லது. ஞாயிறு என்றால் கல்யாணம், கோவில், கருமாதி. காவடி வாரத்தில் வைக்கவே வேண்டாம்.

லெனேசியா வாசகர்: ஒருவருக்கு எத்தனை நிமிடம் கொடுக்கலாம்? எங்கள் கூட்டத்தில் முதல் இரண்டு பேர் வாசிப்பதற்குள் நேரமே முடிந்துவிடுகிறது.

ஏழு நிமிடம். நிதானமாக வாசித்தால் தமிழில் அறுநூறு சொல்லுக்குக் கொஞ்சம் மேலே போகும். நீண்ட கதையென்றால் ஒரு பகுதி போதும். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது வசதி. மூன்று பேர் வாசிப்பு, மீதி நேரம் பேச்சு, அத்தோடு சரி. இன்னொரு சுற்று வேண்டுமென்றால் தேநீர் குடித்துவிட்டுப் புது இணைப்பில் வரலாம்.

ஆனால் உங்கள் குழுவின் உண்மையான பிரச்சினை நேரம் இல்லை என்று நினைக்கிறேன். தன் முறை வரும் வரை காத்திருந்து, வாசித்து, கைதட்டலை வாங்கிக்கொண்டு, கேமராவை அணைத்துவிடுகிறவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. மூன்றாவது ஆள் வாசிக்கும்போது திரையில் கறுப்புக் கட்டங்களும் பெயர்களும்தான் மிஞ்சும். அந்த மூன்றாவது ஆள் மறுமாதம் வரமாட்டார். குழுக்கள் இப்படித்தான் கரைகின்றன, எழுத ஆள் இல்லாமல் அல்ல.

நாங்கள் செய்வது இது. ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு முதல் கேட்பாளரை முன்கூட்டியே போடுகிறோம். அடுத்த மாதம் வாசிக்கப் போகிறவர்தான் இந்த மாதத்தின் முதல் கேட்பாளர். இரண்டு நாள் முன்பே படைப்பு அவர் கைக்குப் போய்விடும். கூட்டத்தில் அவர் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: எந்த வரி மனதில் நின்றது, எந்த இடத்தில் வழி தவறியது. "ரொம்ப அருமை" தடை. அவர் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. "நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பித்தால் நிறுத்திவிடுவேன், வயது பார்ப்பதில்லை. முதலில் சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும். இந்த விதி வந்த பிறகு கேமராக்கள் கடைசி வரை அணையாமல் இருக்கின்றன.

டொங்காட் வாசகர்: என் மாமா தெருக்கூத்துப் பாட்டு ஒன்றைப் பாடினார். குரல் கேட்டது, உடுக்கை யாருக்குமே கேட்கவில்லையாம். மைக் கோளாறா?

மைக் நன்றாகத்தான் இருக்கிறது. மின்விசிறிச் சத்தம், நாய் குரைப்பு இவற்றை நீக்கும் வசதி ஜூமில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு உடுக்கையும் ஓர் இரைச்சல்தான். ஒலி அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை இயக்கிவிட்டுப் பாடச் சொல்லுங்கள். மற்ற எல்லாரும் மைக்கை அணைக்க வேண்டும், மாமாவுக்கு எதிரொலி வராமல் ஒரு ஹெட்போன் வேண்டும். மாமாவை இன்னொரு முறை பாட வையுங்கள்.

ஃபீனிக்ஸ் வாசகி: கூட்டத்தின் நடுவில் கரண்ட் போனால்?

2023-இல் லோட்ஷெடிங்கோடு கூட்டம் நடத்தியவர்களுக்கு இது பாடமே ஆகிவிட்டது. இன்னொரு ஊரில், முடிந்தால் இன்னொரு நாட்டில், இருக்கும் ஒருவரை இணை நடத்துநராகப் போட்டுவிடுங்கள். நீங்கள் விழுந்தாலும் கூட்டம் நிற்காது. ரவுட்டருக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

மெர்பேங்க் வாசகர்: இதழில் எல்லா மொழிக்கும் சமமாகப் பக்கம் ஒதுக்குவதுதானே நியாயம்?

கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊரிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1903-இல் டர்பனில் தொடங்கிய, காந்தி நடத்திய 'இந்தியன் ஒப்பினியன்' இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்தது. தமிழ், இந்திப் பகுதிகள் சில ஆண்டுகளிலேயே நின்றுவிட்டன. அவை பெயருக்குத்தான் நடந்தன, தொடர்ந்தால் வாசகரை ஏமாற்றுவதுபோல் ஆகும் என்பதால் நிறுத்தியதாகக் காந்தியே பின்னாளில் எழுதியிருக்கிறார். டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் தமிழருக்குப் பஞ்சமா? பார்த்துத் திருத்திக் கோத்துக்கொடுக்க ஆள் இருந்தால்தான் பகுதி நிற்கும்.

அதனால் எங்கள் கணக்கு இப்படி: ஒரு மொழிக்குத் திருத்த ஒருவர், மெய்ப்புப் பார்க்க ஒருவர், ஆக இரண்டு பேர் கிடைத்தால் அந்த மொழிக்குப் பக்கம் உண்டு. கிடைக்காத இதழில் அந்த மொழி இல்லை, மொழிபெயர்ப்பு மட்டும் வரும். சிங்களம் ஒரு முழு வருடம் வரவில்லை. வருத்தம்தான், ஆனாலும் பிழையோடு போடுவதைவிட மேல்.

தமிழ் பேசத் தெரியும், எழுத்து தெரியாது என்று இங்கே பலர் தயங்குகிறார்கள். பேசியே அனுப்புங்கள். குரல் பதிவாக வந்த கதையை ஒருவர் தட்டச்சு செய்வார், நீங்கள் வாசிக்கக் கேட்டுத் திருத்துவீர்கள். எங்கள் இதழில் மிகவும் உயிரோடு இருக்கும் உரையாடல்கள் அப்படி வந்தவைதான். ஆத்தா எப்படிப் பேசினாரோ அப்படியே காதில் விழும்.

ஜோகன்னஸ்பர்க் வாசகர் (யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்): என் பழைய கதைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அனுப்பலாமா, அக்கா?

தாராளமாக அனுப்புங்கள். எங்கள் பக்கம் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், ஆனால் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேர்ட் கோப்பாக அனுப்புங்கள், பிடிஎஃப் மட்டும் வேண்டாம். பிடிஎஃபிலிருந்து தமிழை நகலெடுத்தால் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எல்லாம் இடம் மாறி, 'கொ' இருந்த இடத்தில் கொம்பு தனியாக, 'கா' தனியாக நிற்கும். ஒரு கவிதையில் அதைத் திருத்த ஒரு மாலை போய்விடும்.

பக்கம் அமைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கூத்து நடக்கும். காசு செலவழிக்க முடியாதவர்கள் ஸ்க்ரைபஸின் புதிய பதிப்பையும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவையும் பயன்படுத்தலாம். இரண்டும் இலவசம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி: ஓர் இதழுக்குக் கதை அனுப்பி மாதங்கள் ஆகிவிட்டன, பதிலே இல்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? எதை நிராகரிக்கிறீர்கள்?

ஆறு வாரத்தில் பதில் என்று அறிவித்திருக்கிறோம். வேண்டாம் என்பதையும் ஆறு வாரத்துக்குள் சொல்லிவிடுவோம். நிராகரிப்புக் கடிதத்தில் கதையின் ஒரு குறிப்பிட்ட இடத்தையாவது தொட்டு எழுத வேண்டும் என்பது ஆசிரியர் குழுவுக்கு நிபந்தனை. படித்துவிட்டுத்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த கதை வரும். படிக்கவே இல்லை என்று தோன்றினால் அந்த ஆளை இழந்தோம்.

எதை நிராகரிக்கிறோம்? நவம்பர் வந்தால் பெட்டி நிறைய ட்ரூரோ, இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு முதன்முதலில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த கப்பல். 1860 நவம்பர் 16, டர்பன் துறைமுகம், கொள்ளுப்பாட்டியின் கையில் ஒரு பித்தளைச் சொம்பு. அந்தக் கப்பலில் வந்தவர்கள் 342 பேர். 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். வருகிற கதைகளைப் பார்த்தால் எல்லாருடைய கொள்ளுப்பாட்டியும் அந்த 342-க்குள் அடங்கிவிட்டார். உங்கள் பாட்டி எந்தக் கப்பலில் வந்தார் என்று கப்பல் பட்டியல்களில் தேடிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஊர், சாதி, உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். சொம்பைவிட அந்தத் தழும்பு நல்ல கதை.

கேப் டவுன் வாசகர்: இந்தியா, பாகிஸ்தான், ஈழம், சாதி... ஒரே கூட்டத்தில் வைத்தால் சண்டை வராதா?

வரும். அரசியல் பேசாதீர்கள் என்று விதி போட்டால் சண்டை வராது, இலக்கியமும் வராது. முள்ளிவாய்க்காலைப் பற்றி ஒருவர் வாசிக்கும்போது இலங்கையின் காலி நகரிலிருந்து ஒரு சிங்களக் கவிஞர் கேட்டுக்கொண்டிருப்பதற்காகத்தான் இப்படி ஒரு குழுவே.

பேச்சு படைப்பைப் பற்றி இருக்க வேண்டும், எழுதியவரின் நாட்டைப் பற்றி அல்ல. "உங்க ஆளுங்க செஞ்சது தெரியாதா" என்று தொடங்குகிற வாக்கியத்தை அங்கேயே நிறுத்துவேன். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையில் பதற்றமான நாட்களில் கூட்டத்தை ஒத்திவைப்பதில்லை, எழுத்து அரட்டையை மட்டும் மூடிவிடுவோம். வாயால் சொல்லக் கூசுவதை விரல் சுலபமாகத் தட்டிவிடுகிறது.

சாதி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கப்பலேறியபோதே சாதி கடலில் விழுந்துவிட்டது என்பார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்பது தனி விவாதம். மேலே சொன்ன பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது. எப்படியிருந்தாலும், மதுரைப் பக்கத்தில் தான் பட்டதை ஒருவர் வாசித்து முடித்ததும் அவரிடம் சொல்லும் பதில் அது அல்ல. முதல் கேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசித்துவிடுங்கள்.

கூட்டத்தைப் பதிவு செய்வதற்கு வாசிப்பவரின் சம்மதம் வேண்டும், ஒவ்வொரு முறையும். தன் ஊரில் பிரச்சினை வரக்கூடியவர்கள் புனைபெயரில், கேமரா இல்லாமல் வாசிக்கலாம்.

வெருலம் வாசகி: எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் போதாதா?

போதாது, ஆபத்தும்கூட. சாதாரணக் குழுவில் போட்டால் ஒவ்வொருவருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் எழுத்தாளர்களுக்கு நடு இரவில் "உங்க கவிதை..." என்று செய்தி வரத் தொடங்கும். வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர் எண்கள் மற்றவர்களுக்குத் தெரியாது, அதைப் பயன்படுத்துங்கள். அதோடு, தனிநபர் தகவல்களைக் காக்கும் போபியா சட்டம் 2021 ஜூலை முதல் இங்கே முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் எண்ணையும் மின்னஞ்சலையும் கேட்காமல் எடுத்து இன்னொரு காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது.

போர்ட் லூயி வாசகர்: பழைய தமிழ்க் கதைகளை மொழிபெயர்த்துப் போட அனுமதி வேண்டுமா?

எழுதியவர் இறந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் 50 ஆண்டு, இந்தியாவில் 60, பிரிட்டனில் 70. இணைய இதழை எல்லா நாட்டிலும் படிப்பார்கள் என்பதால் 70-ஐ வைத்துக்கொள்வது பெரும்பாலும் பாதுகாப்பு. பாரதி 1921-இல் மறைந்தவர், கவலை இல்லை. ஆனால் பாரதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்துப் போட்டால், அந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு.

உயிரோடு இருப்பவர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டுதான்: முதலில் வெளியிடும் உரிமை, பழைய இதழ்களில் தொடர்ந்து வைத்திருக்கும் உரிமை. மற்றதெல்லாம் எழுதியவருக்கே. இன்னொன்று, வாசிப்புப் பதிவை யூடியூபில் ஏற்றினாலே 'ஏற்கெனவே வெளியானது' என்று சில போட்டிகள் ஒதுக்கிவிடும். ஏற்றுவதற்கு முன் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த் இளைஞர்: ஏஐ எழுதிய கதை வந்தால் கண்டுபிடித்துவிடுவீர்களா, ஆண்ட்டி?

எப்போதும் முடியாது. ஆனால் முதல் கேட்பாளர் கேள்வி கேட்கும்போது, தன் கதையில் அந்த ஆயா ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியாமல் முழிப்பவரைப் பார்த்திருக்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: சமர்ப்பிக்கக் கட்டணம் வாங்கலாமா? இதழ்களை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண் வேண்டுமா? வருடத்துக்கு ஒரு முறை அச்சிட ஆசை.

கட்டணம் வேண்டாம். எழுதுகிறவருக்கு நாம் எதுவும் தருவதில்லை, அவரிடமே வாங்குவது சரியில்லை. செலவுக்கு விரும்பியவர்கள் கொடுப்பதை வாங்குங்கள், வருடக் கடைசியில் கணக்கைக் குழுவில் போட்டுவிடுங்கள். ரேண்ட் சில்லறை வரை போடுங்கள்.

ஐஎஸ்எஸ்என் எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது, மின்னிதழுக்கும் உண்டு. அச்சு வடிவத்துக்குத் தனி எண் வாங்க வேண்டும். அச்சிட்டால் சட்டப்படி வைப்புப் பிரதிகளும் கொடுக்க வேண்டும். அதற்கான நூலகங்களில் ஒன்று உங்கள் ஊர் நகராட்சி நூலகம்தான். முதல் முறை ஐம்பது பிரதிக்கு மேல் அடிக்காதீர்கள். மீந்தவை உங்கள் காரின் டிக்கியில்தான் கிடக்கும்.