தனி அறை இல்லாத வாடகை வீட்டில், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்க ஓர் இடத்தை எப்படி அமைப்பது?

கேட்டவர் சொன்னது இதுதான்: இரண்டு படுக்கையறை வாடகை வீடு, பத்து வயதில் மகன், ஏழு வயதில் மகள். வரும் ஜூனிலிருந்து வீட்டிலேயே படிப்பு. தனி அறை கிடையாது, செலவழிக்கப் பெரிதாகப் பணமும் இல்லை, யூடியூபில் வரும் வீட்டுப்பள்ளி அறைகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

முதலில் அந்த வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை அலமாரி, நிறம் பார்த்து அடுக்கிய பென்சில் எல்லாம் இருக்கும். அங்கே உட்கார்ந்து ஒரு பிள்ளை கழித்தல் கணக்கில் முட்டிக்கொண்டு அழுவதைக் காட்டமாட்டார்கள். நம் வீடுகளில் ஓர் அறைக்கு ஒரு வேலை என்று ஒதுக்க முடியாது. துணி மடிப்பது அங்கேதான், மதியம் பெரியவர்கள் கட்டையைச் சாய்ப்பது அங்கேதான், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் பாய் விரிப்பதும் அங்கேதான்.

எங்கள் வீடு கோவையில், இரண்டாவது மாடி. பிள்ளைகள் படிப்பது என் மாமியாரின் அறையில். அவருடைய கட்டில், பீரோ, தையல் மெஷின் மூன்றும் அவை இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. ஜன்னலோரம் மிஞ்சிய இடம், இரண்டு பேர் பாய் போட்டுப் படுக்கலாம், அவ்வளவுதான். அதை வைத்து நான் சொல்வது ஒன்றுதான். காலையில் பிள்ளைகளே எடுத்து விரித்து, சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளே மடக்கி ஓரம் வைக்க முடிந்தால் அது நல்ல படிப்பறை. அதற்கு ஒவ்வொரு தடவையும் அம்மாவோ அப்பாவோ வர வேண்டியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது. இனி ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கலாம்.

இடம் தேடும்போது அறையைப் பார்க்காதீர்கள், ஜன்னலைப் பாருங்கள். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து வர வேண்டும், இடது கைக்காரப் பிள்ளைக்கு வலது பக்கமிருந்து. இல்லாவிட்டால் எழுதுகிற கையின் நிழலே எழுத்தின் மேல் விழும். பிள்ளை தலையைச் சாய்த்துக்கொண்டே போகும், நாம் "நிமிர்ந்து உட்காரு" என்று கத்திக்கொண்டே இருப்போம். எங்கள் பெரியவன் இடது கைக்காரன், சின்னவள் வலது கை. ஜன்னலுக்குச் செங்குத்தாக ஒரு குட்டை மேசையைப் போட்டு இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்ததும் ஒரே ஜன்னல் இரண்டு பேருக்கும் சரியான பக்கத்தில் அமைந்துவிட்டது. உங்கள் பிள்ளைகள் இருவரும் வலது கை என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டியபடி மட்டும் யாரும் உட்கார வேண்டாம்.

மேசை வேண்டுமா, தரை போதுமா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். தரை போதும், ஆனால் தரையிலேயே நோட்டை வைத்துக் குனிந்து எழுதக் கூடாது. பழைய மளிகைக் கடைகளில் கணக்குப்பிள்ளை முன்னால் இருக்குமே, அந்த மாதிரிச் சாய்வு மேசை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு தடித்த பலகைக்கு அடியில் பின்பக்கம் மட்டும் கட்டை அடித்துத் தரச் சொன்னால், எந்த ஆசாரியும் அரை மணி நேரத்தில் செய்து தந்துவிடுவார். நாற்காலிதான் என்று முடிவு செய்தால், பிள்ளையின் பாதம் தரையில் படுகிறதா என்று பாருங்கள். அந்தரத்தில் ஆடும் கால் ஓரிடத்தில் நிற்காது. காலுக்கு அடியில் ஒரு மணை போட்டால் சரியாகிவிடும்.

அப்புறம் கரும்பலகை. ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முன்பே சொல்லிவிட்டதால், எங்கள் பலகை சுவரில் தொங்கவில்லை, தரையில் நிற்கிறது. அதுவே நல்லதாகப் போயிற்று. பிளைவுட் கடையில் முழுப் பலகை வாங்க வேண்டாம், வெட்டிய மிச்சம் கேளுங்கள். நான்கடிக்கு மூன்றடி, 12 மில்லிமீட்டர் கனம் போதும். அதைவிட மெல்லியது கொஞ்ச நாளில் வளைந்துவிடும். உப்புத்தாள் தேய்த்து, கரும்பலகை பெயின்ட் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் உடனே எழுதக் கொடுக்காதீர்கள். ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, வறண்ட துணியால் துடையுங்கள். இதைச் செய்யாமல் எழுதினால் முதல் நாள் எழுதிய எழுத்தின் தடம் கடைசிவரை பலகையில் லேசாகத் தெரிந்துகொண்டே இருக்கும். சுவரில் சாய்த்து வைத்து, கீழே நழுவாமல் ஒரு பழைய ரப்பர் மிதியடி போட்டுவிடுங்கள். படிப்பு முடிந்தால் பலகை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய்விடும்.

தரையோடு பலகை என்பது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 2000-களில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றல் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புறக் கல்வி மையம் உருவாக்கிய, பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்துக் கொடுக்கும் முறையைப் பார்த்து வந்தது அது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். சுவரைச் சுற்றி, உட்கார்ந்த பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, அதில் ஆளுக்கு ஒரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். ஏணிப்படி அட்டவணையைப் பார்த்து, தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளையே தெரிந்துகொண்டு, அடுத்த அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்று ஆசிரியர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் குறைந்த இடத்தில், வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படிக்க ஓர் அறையை எப்படி அமைப்பது என்று கேட்டால், நான் வெளிநாட்டுப் படங்களை விட்டுவிட்டு அந்த வகுப்பறையைத்தான் காட்டுவேன். கம்பிப் பந்தலுக்கு ஈடாக நாங்கள் ஜன்னல் கம்பியிலிருந்து பரண் கொக்கிக்கு ஒரு கொடி கட்டி, துணி கிளிப் போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் அதில் சாக்ஸும் காயும்.

கணக்குக்கு என்று பெட்டி பெட்டியாக விற்கும் சாமான்களை அவசரப்பட்டு வாங்காதீர்கள். தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி ஒரு டப்பா நிறைய வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு, பத்துக் கட்டுக்கு ஒரு பெரிய கட்டு. 42-லிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். கையில் நான்கு கட்டும் இரண்டு உதிரியும் இருக்கின்றன, ஏழு உதிரி கொடுக்க வழியில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் விழித்துவிட்டு ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நாம் சின்ன வயதில் மனப்பாடம் செய்தது, அந்த ரப்பர் பேண்டு கழன்று விழும் நொடியில் என் மகளுக்குப் புரிந்தது. இதை நோட்டில் விளக்கிப் பார்த்தால் தெரியும் என்ன பாடு என்று.

புத்தகங்களுக்கு, கடைகளில் சரக்கு அடுக்கும் இரும்பு ஆங்கிள் ரேக் பழசாகக் கிடைக்கும். பார்க்க அழகில்லை, ஆனால் தட்டின் உயரத்தைப் பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் தோளைத் தாண்டாத உயரம் போதும். கனமான புத்தகங்கள் எப்போதும் கீழ்த்தட்டில். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்: சுவரில் திருக முடியாவிட்டால் ரேக்கை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அலமாரியும் ஏணியும் ஒன்றுதான். சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நிற்கட்டும், ஓதம் ஏறும் சுவராக இருந்தால் இன்னும் தள்ளி. புத்தகத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்காக மாமியார் தட்டுக்குத் தட்டு வசம்பு போட்டு வைத்திருக்கிறார். அதனால் பூச்சி போகிறதோ இல்லையோ, புத்தகத்தைத் திறந்தால் வாசனை வருகிறது.

ரேக்கில் எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். அந்த வாரத்துக்கு வேண்டியது மட்டும் பிள்ளையின் கைக்கெட்டும் தட்டில். மற்றவை கட்டிலுக்கு அடியில் பழக்கடை பிளாஸ்டிக் கிரேட்டில். கத்தரிக்கோல், ஃபெவிகால், வாட்டர் கலர் மூன்றும் பரணுக்குப் பக்கத்தில். இது ஒழுங்குக்காக இல்லை, மெத்தை விரிப்பைக் காப்பாற்ற.

பாடப் புத்தகச் செலவு பயப்படும்படி இருக்காது. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் பி.டி.எஃப்.-ஆக இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் முழுப் புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுப்பதைவிட அச்சுப் புத்தகமே மலிவு. கதைப் புத்தகத்துக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், படிநிலை பிரித்து வைத்திருக்கிறார்கள். கோவைக்காரர் என்றால் உக்கடம் பழைய புத்தகக் கடைகளுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தானே பேரம் பேசி வாங்கிய புத்தகத்தை எந்தப் பிள்ளையும் படிக்காமல் விடாது. பக்கத்து நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிட்டால் ரேக்கில் பாதி இடம் மிச்சம்.

இத்தனை செய்தும் சரிவராதவை உண்டு. சத்தம் அதில் முதலாவது. குக்கர் விசிலையும் பக்கத்து வீட்டு சீரியலையும் ஒன்றும் செய்ய முடியாது. வாய்விட்டுப் படிப்பதை அந்த நேரத்துக்கும், எழுத்து வேலையை அமைதியான நேரத்துக்கும் தள்ளலாம், அவ்வளவுதான். மின்விசிறி அடுத்த பிரச்சினை. போட்டால் காகிதம் பறக்கும், போடாவிட்டால் ஏப்ரலில் பிள்ளைகள் உருகும். ஆற்றில் பொறுக்கிய கூழாங்கற்கள் மேசையில் கிடக்கின்றன. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் மதியம்வரை நம்பக் கூடாது. அன்றைக்கு ஆன்லைன் வகுப்பு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். மின்தடை அறிவிப்பு முன்னாடியே வந்துவிடுகிறது, பார்த்துக் குறித்து வையுங்கள். லேப்டாப்போ போனோ, வீட்டில் ஒரே ஒரு திரையை மட்டும் படிப்புக்கு என்று வைத்து, அது வாசலைப் பார்த்து இருக்கும்படி உட்கார வையுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் அறையைக் கேட்பதற்கு முன் அவர்கள் நேரத்தைக் கேளுங்கள். என் மாமியாருக்கு மதியம் ஒரு மணிக்குக் கட்டில் வேண்டும், மறுபேச்சு கிடையாது. "அம்மணி, அந்தப் பலகையைத் தூக்கி அக்கட்ட வெச்சுப்போட்டுப் போ, அப்பத்தா சித்த நேரம் படுக்கோணும்" என்று குரல் வந்தால் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். ஆரம்பத்தில் இது தொல்லையாக இருந்தது. இப்போது பார்த்தால், பன்னிரண்டரைக்கு எல்லாம் மடக்கியாக வேண்டும் என்பதால்தான் காலையில் பிள்ளைகள் இழுத்தடிக்காமல் உட்காருகிறார்கள். மதியத்துக்கு மேல் மொட்டைமாடி, தொட்டிச் செடி, சைக்கிள், சமையலறை. பள்ளியில் நாற்பது பேருக்கு நடுவே ஆறு மணி நேரத்தில் நடப்பது, வீட்டில் இரண்டு பேருக்கு அவ்வளவு நேரம் பிடிக்காது. அறையும் அவ்வளவு நேரம் தேவைப்படாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்திலேயே, பிள்ளை கை படாத ஓர் உயரத்தில், ஆளுக்கு ஒரு ஃபைல் வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பழைய பள்ளியின் டி.சி., மதிப்பெண் அட்டை, கூடவே மாதத்துக்கு நாலைந்து வேலைத் தாள்கள் தேதி போட்டு. பள்ளிக்குப் போகாமலேயே தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.-இல், மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குச் சமமான நிலைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அதற்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. ஆனால் பாதியில் மனம் மாறி மறுபடி பள்ளியில் சேர்க்க நினைத்தால், எதுவரை படித்திருக்கிறான் என்று காட்ட அந்தத் தாள்கள்தான் கையில் இருக்கும்.

ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை ஒன்றும் வாங்க வேண்டாம். இரண்டு மூன்று காலைகளில் ஒரு பாயை எடுத்துக்கொண்டு, எந்த ஜன்னலோரத்தில் பத்து மணிக்கு வெளிச்சம் இருக்கிறது, ஆனால் முகத்தில் வெயில் அடிக்கவில்லை என்று பிள்ளைகளையே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இடம் முடிவானதும் அளந்துகொண்டு பிளைவுட் கடைக்குப் போகலாம்.