பட்டன் அமுக்கினா ஒண்ணுமே நடக்கல

கேள்வி: அண்ணே, தோட்டத்து செக்ரோலுக்கு (தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவு) ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ்ல (மைக்ரோசாப்டோட வெப் பக்கம் செய்ற முறை) பக்கம் ஒண்ணு செய்றேன், டிவிஷனுக்கு ஒரு யூசர் கன்ட்ரோல் (பக்கத்துக்குள்ள வைக்கிற சின்னத் துண்டு), அதுக்குள்ள கொழுந்து கிலோ, சேவ் பட்டன். அமுக்கினா எல்லாமே காணாம போகுது, கிளிக் ஈவென்ட் (அமுக்கினா ஓட வேண்டிய கோட்) ஓடவே இல்ல.
- ஹட்டன் வாசகர்

பதில்: தம்பி, அந்த யூசர் கன்ட்ரோல பக்கத்தோட முதல் லோட்ல மட்டும்தானே கோட்ல உண்டாக்குறீங்க? அங்கதான் வினை. கோட்ல உண்டாக்குற கன்ட்ரோல சர்வர் அடுத்த தடவைக்கு வச்சிருக்காது, அதனால ஒவ்வொரு போஸ்ட்பேக்லயும் (பக்கம் திரும்ப சர்வருக்குப் போறப்போ) பேஜ் இனிட்லயே (சர்வர் பக்கத்த உண்டாக்கத் தொடங்குற கட்டம்) திரும்ப உண்டாக்கி கிளிக்கையும் திரும்ப கட்டணும், ஐடியும் மாறக்கூடாது. பிரவுசர் அனுப்புறது 'டிவிஷன்3$சேவ்' மாதிரி வெளி கன்ட்ரோலோட ஐடியும் சேர்ந்த பட்டன் பேரு, அந்தப் பேர்ல கன்ட்ரோல் இல்லாட்டி சர்வர் சத்தமே போடாம விட்டுரும், எரரும் வராது. நானும் இதுல ஒரு ராத்திரி முழுக்க பிளேன்டீ குடிச்சவன்தான்.