பிங்க் ஃப்ளாய்ட் தட்டு கரகரக்கிறதா? முதலில் முள்ளைப் பாருங்கள்

கேள்வி: பெரியப்பா விட்டுச் சென்ற எல்பி தட்டுகளில் ஆங்கில ராக் குழு பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' இருக்கிறது. லேபிளில் டம் டம் என்று அச்சாகியிருக்கிறது. ஆரம்பத்தில் வரும் இதயத்துடிப்பு கரகரப்பில் மூழ்கிவிடுகிறது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் அந்தப் பெண்குரல் உச்சத்துக்குப் போகும்போது கிழிகிறது. இடையில் எல்லாம் நன்றாகவே கேட்கிறது. என்னிடம் இருப்பது பெல்ட் டர்ன்டேபிள், ஆடியோ டெக்னிகா விஎம்95ஈ காட்ரிட்ஜ். வாங்கி மூன்று வருடம் ஆகிறது, தினமும் ஒரு மணி நேரமாவது ஓடும். போனது தட்டா, பிளேயரா? புதிய 180 கிராம் தட்டு வாங்கிவிடலாமா? இந்தப் பழைய தட்டுக்கு விலை மதிப்பு உண்டா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், ஒரு முள்ளைத் தவிர. இந்தத் தட்டையும் இனி பழைய முள்ளில் ஓட்டாதீர்கள்.

உங்கள் காட்ரிட்ஜில் (முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) இருப்பது நீள்வட்ட முனை கொண்ட முள். அதன் ஆயுள் சுமார் 300 மணி நேரம். இந்த ஆல்பத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 43 நிமிடம், ஆக இதை மட்டுமே 420 தடவை போட்டால் முள்ளின் கதை முடிந்தது. தினம் ஒரு மணி நேரம் என்று மூன்று வருடம் ஓட்டியிருக்கிறீர்கள், அதாவது ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். தேய்ந்த வைரமுனையின் ஓரம் உளிபோல ஆகி, தட்டின் வரிகளை, அதாவது முள் ஓடும் பள்ளங்களை, படிப்பதற்குப் பதிலாகச் செதுக்கத் தொடங்கிவிடும். முள் மட்டும் தனியாகக் கிடைக்கும், காட்ரிட்ஜை மாற்ற வேண்டாம். அதே பச்சை முள்ளை வாங்கலாம். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால், அதே உடலில் பொருந்தும் மைக்ரோலைன் முள்ளை வாங்குங்கள். அதன் காரணம் பின்னால் வருகிறது.

நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் வெவ்வேறு வியாதிகள். இந்த ஆல்பத்தில் ஒரு வசதி, எந்த இடத்தில் கெடுகிறது என்பதை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடலாம். பெரும்பாலான ராக் தட்டுகள் முதல் நொடியிலேயே டிரம்ஸும் கிதாருமாக இரைச்சலோடு தொடங்கும், தூசியின் சத்தம் அதற்கடியில் ஒளிந்துகொள்ளும். இதுவோ ஏறக்குறைய மௌனத்திலிருந்து மெல்ல எழுகிறது. அந்த இதயத்துடிப்பு குழுவின் டிரம்மர் நிக் மேசனின் பேஸ் டிரம். அதற்கு மேல் கடிகாரங்கள், பேச்சுக் குரல்கள், சிரிப்பு என்று ஒவ்வொன்றாக ஏறும். தட்டில் என்ன அழுக்கு இருந்தாலும் இங்கே தப்பாது.

எனவே அந்த இடத்தைக் கையில் கடிகாரத்தோடு கேளுங்கள். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. 'டக்' என்ற சத்தம் சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அது கீறல், கழுவினாலும் போகாது. ஒழுங்கில்லாமல் பொரிகிற சத்தம் என்றால் தூசியும் நிலைமின்சாரமும், கழுவினால் பெரும்பகுதி போய்விடும். 'ஸ்ஸ்' என்று சீராக வருவது மூல டேப்பின் இரைச்சல். 1972, 73இல் ஆபி ரோடு ஸ்டுடியோவில் 16 டிராக் டேப்பில் பதிவான ஆல்பம் இது, அந்த இரைச்சல் எந்தப் பதிப்பிலும் கொஞ்சம் இருக்கும். துடிப்புக்கு அடியில் 'உம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால் எர்த் வயர் சரியாகப் பிடிக்கவில்லை.

கழுவும் முறை இது. டிஸ்டில்டு வாட்டர் 800 மில்லி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் 200 மில்லி, ஃபிலிம் கழுவுகிறவர்கள் பயன்படுத்தும் வெட்டிங் ஏஜென்ட் அரை மில்லி. வெட்டிங் ஏஜென்ட் இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும், வரிக்குள் இறங்காது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் அதிலுள்ள உப்பு வரிக்குள்ளேயே படிந்து புதுக் கரகரப்பைக் கொடுக்கும்.

முதலில் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் மேல்தூசியை எடுங்கள். பிறகு தட்டைச் சுத்தமான டவல் மேல் வைத்து, லேபிள் நனையாதபடி திரவத்தை ஊற்றி, மென்மையான வெல்வெட் பேடால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் தேயுங்கள். ஒரு திசையில் நான்கு சுற்று, எதிர்த் திசையில் நான்கு சுற்று. குறுக்கே தேய்க்கவே கூடாது. ஒரு நிமிடம் ஊறவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அடுத்து வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை. பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது கழுவலைத்தான். முதல் கழுவலில் கரைந்த அழுக்கு அப்படியே காய்ந்து, முள் ஓடும்போது வெள்ளை மாவாக முனையில் சேரும். கழுவியபின் தட்டு மோசமாகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு நடப்பது இதுதான். பாத்திரம் வடிக்கும் ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள், ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். வெள்ளைத் திட்டாகப் பூஞ்சை இருந்தால் ஊறும் நேரத்தை ஐந்து நிமிடமாக்கி, இரண்டு தடவை செய்யுங்கள்.

பெரியப்பாவின் சேகரிப்பில் கனமான 78 சுற்றுத் தட்டுகளும் இருந்தால் இந்தத் திரவத்தை அவற்றின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

அடுத்து 'டைம்' பாட்டின் கடிகாரங்கள். ஆல்பத்தின் ஒலிப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வைத்திருந்தவை அவை. நாலு திசையிலும் ஒலிக்கும் குவாட்ரஃபோனிக் முறையை விளக்கிக் காட்டுவதற்காகச் செய்த பதிவு, இந்தப் பாட்டுக்கு வந்து சேர்ந்தது. எல்லா மணியும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது முள் வேகமாகத் திசை மாற வேண்டியிருக்கும். அந்த இடம் நொறுங்கினால் முள் தட்டை அழுத்தும் எடை போதவில்லை. உங்கள் காட்ரிட்ஜுக்கு 2.0 கிராம், 1.8 முதல் 2.2 வரை ஏற்கும். டோன் ஆர்மின் (காட்ரிட்ஜைத் தாங்கும் கையின்) பின்னாலுள்ள எடையில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல், சின்ன டிஜிட்டல் தராசில் தட்டின் மட்டத்திலேயே வைத்து அளந்து பாருங்கள். எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். எடை குறைந்தால் முள் வரிச்சுவரை விட்டுத் துள்ளித் துள்ளி விழும், ஒவ்வொரு விழுகையும் ஒரு குழி.

உங்களுக்குக் கடிகாரங்கள் சுத்தமாகக் கேட்கின்றன, ஆகவே எடை ஏறக்குறைய சரி. கிழிவது அதற்கடுத்த 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. கிளேர் டோரி என்ற ஸ்டுடியோ பாடகி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சொல்லே இல்லாமல் பாடிவிட்டு 30 பவுண்டு வாங்கிப் போன பாட்டு. 2005இல் வழக்குச் சமரசத்துக்குப் பிறகுதான் இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. பாட்டில் குற்றமில்லை, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் சிக்கல். தட்டின் வெளி ஓரத்தில் ஒரு நொடியில் சுமார் 51 சென்டிமீட்டர் வரி முள்ளுக்கடியில் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். பாதிக்கும் குறைவான நீளத்தில் அதே ஒலியை அடைக்க வேண்டும், அதனால் உயர்ந்த ஒலியலைகள் நெருக்கி நெருக்கி எழுதப்படுகின்றன. ஆல்பத்திலேயே உச்சத்தில் நிற்கும் குரல் இந்த நெருக்கடியான பகுதியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. தேய்ந்த முனைக்கும், கோணம் தவறிய முனைக்கும் அந்த நெளிவுகளுக்குள் நுழைய முடியாது. இரண்டாம் பக்கத்தில் இதே சோதனை 'எக்லிப்ஸ்' பாட்டுக்கு. அங்கேயும் இரைகிறதா என்று பாருங்கள்.

கோணத்தைச் சரிசெய்ய புரொட்ராக்டர் என்ற அச்சிட்ட அட்டை போதும். தட்டின் மையத்திலிருந்து 66.0 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் இரண்டு புள்ளிகள் இருக்கும் அட்டையாகப் பாருங்கள். வீட்டில் அச்சடித்தால் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள், பிரிண்டர் சிலசமயம் அளவைச் சுருக்கிவிடும். முள் முனையைப் புள்ளியில் இறக்கி, காட்ரிட்ஜின் பக்கவாட்டு விளிம்பு கட்டத்தின் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். ஒரு புள்ளியில் சரியாக இருந்து மற்றதில் விலகினால், காட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல்லின் இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தி காட்ரிட்ஜை முன்னும் பின்னும் அரை அரை மில்லிமீட்டராக நகர்த்துங்கள். பொறுமை வேண்டும், அரை மணி நேரம் ஆகும். முடிந்ததும் எடையை மீண்டும் அளக்க வேண்டும், காட்ரிட்ஜ் நகர்ந்தால் எடையும் மாறும். டோன் ஆர்ம் மையத்தை நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி ஸ்கேட் குமிழை எடையின் அதே எண்ணில், அதாவது 2இல் வையுங்கள். வலது ஸ்பீக்கரில் மட்டும் குரல் கிழிந்தால் அதைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். டோன் ஆர்ம் மையத்தை நோக்கி இழுபடும்போது வரியின் உள்சுவரில் அழுத்தம் கூடி, வலது ஒலி பதிந்திருக்கும் வெளிச்சுவரில் பிடி தளர்கிறது.

இதெல்லாம் செய்தபிறகும் குரல் கிழிகிறதா? நல்ல நிலையிலுள்ள வேறொரு தட்டின் கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். அது சுத்தமாக இருந்து இது மட்டும் கிழிந்தால், கிழிசல் தட்டிலேயே பதிந்துவிட்டது. அக்காலத்து செராமிக் காட்ரிட்ஜ்கள் ஐந்து கிராம், அதற்கு மேலும்கூட அழுத்தும். வருடக்கணக்கில் அதில் ஓடிய தட்டுகளுக்கு உள்வரிகளில்தான் முதலில் சேதம். மைக்ரோலைன் முள்ளைச் சொன்னதற்குக் காரணம் இதுதான். அதன் முனை மெல்லிய கோடாகச் சுவரைத் தொடுவதால், பழைய முட்கள் தேய்க்காத பகுதியிலும் ஒலியைப் படிக்கும். பாதி தேய்ந்த தட்டுகள் இதனால் பிழைத்திருக்கின்றன. முழுதும் தேய்ந்தவை பிழைப்பதில்லை.

இரண்டாம் பக்கத்தில் வேகத்தை மட்டும் பார்த்தால் போதும். 'அஸ் அண்ட் தெம்' பாட்டில் டிக் பாரியின் சாக்ஸபோன் நீட்டி நிறுத்தும் இடங்களில் சுருதி மெல்ல ஆடுகிறதா? 1.8 நொடிக்கு ஒருமுறை ஆடினால் தட்டின் துளை மையத்தில் இல்லை, அல்லது தட்டு வளைந்திருக்கிறது. ஒழுங்கில்லாமல் ஆடினால் பெல்ட் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள். வளைந்த தட்டை இஸ்திரிப் பெட்டியால் நிமிர்த்தப் பார்ப்பது தட்டைக் குப்பைக்கு அனுப்பும் வழி.

விலை மதிப்பு. டம் டம் என்றால் உங்களுடையது கல்கத்தாவில், கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் ஆலையில் அச்சானது. சேகரிப்பவர்கள் பெரும்பணம் கொடுப்பது 1973இன் இங்கிலாந்து முதல் பதிப்புக்கு. அதன் லேபிளில் முக்கோணம் நீல நிறத்தால் நிரம்பியிருக்கும், பிந்தையவற்றில் வெறும் கோட்டு முக்கோணம். லேபிளுக்கும் வரிகளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தில் எஸ்எச்விஎல் 804 என்ற எண்ணும், ஒரு பக்கம் ஏ-2, மறுபக்கம் பி-2 என்றும் பொறித்திருக்கும். உள்ளே போஸ்டர்களும் ஸ்டிக்கர்களும் முழுசாக இருந்தால்தான் முழு விலை. இந்திய அச்சுக்கு அந்த விலை இல்லை, ஆனால் விற்கிற நோக்கமில்லாவிட்டால் அதைப்பற்றி என்ன கவலை.

புதிய தட்டு வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், 180 கிராம் என்ற எடையைப் பார்த்து வாங்காதீர்கள். கனமான தட்டு எளிதில் வளையாது, அவ்வளவுதான். அச்சுக்கான மூலத் தகட்டில் வரிகளை யார் வெட்டியது என்று பாருங்கள். 2003இன் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு டக் சாக்ஸும் கெவின் கிரேயும் வெட்டியது, இப்போது பழைய சந்தையில்தான் கிடைக்கும். 2016 பதிப்பு ஜேம்ஸ் கத்ரி, ஜோயல் பிளான்ட், பெர்னி கிரண்ட்மன் கைவண்ணம். இரண்டில் எதுவானாலும் நிம்மதியாக வாங்கலாம். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரை 700 வாரங்களுக்கு மேல் இருந்த ஆல்பம், பழைய பிரதிகளும் உலகெங்கும் ஏராளம். அரிய பொருள் என்று சொல்லி விலை ஏற்றுபவரிடம் பேரம் பேசத் தயங்காதீர்கள்.

தட்டு பிழைத்தால், பழைய காகித உறையைத் தூக்கிப் போடாமல் அட்டைக்குள்ளேயே வையுங்கள், தட்டை மட்டும் பாலிஎதிலீன் உள்ளுறைக்கு மாற்றுங்கள். பிவிசி உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் ரசாயனம் தட்டில் மங்கலான படலத்தை விடும். அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி நிற்க வையுங்கள், வெயில் படும் சுவரோரம் வேண்டாம். விரித்துப் பார்க்கும்போது அட்டைப் படத்தில் முப்பட்டகத்திலிருந்து வரும் நிறக்கோடுகளை எண்ணிப் பாருங்கள். வானவில்லுக்கு ஏழு, இந்த அட்டையில் ஆறுதான். உங்கள் பிரதியில் அச்சுப் பிழை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எல்லாப் பிரதியிலும் ஆறுதான்.