புதுக்கோட்டை மாவட்டத்தில் தொல்லியல் சின்னத்தின் அருகே வீடு கட்டலாமா?

முதலில் அது யார் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். சித்தன்னவாசல், கொடும்பாளூர் மூவர் கோயில் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையிடம் உள்ளவை. மாநிலத் துறையின் பட்டியல் வேறு. அறநிலையத் துறைக் கோயில்கள் பல இரண்டிலுமே இல்லை. பழமையானது என்பதற்காக மட்டும் ஒன்று பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது.

மத்தியச் சின்னம் என்றால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். பலர் சறுக்குவது அளப்பதில்தான்: கோபுரத்திலிருந்தோ கருவறையிலிருந்தோ அளக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். ஆகவே அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த அரசு அறிவிக்கையில் உள்ள சர்வே எண்ணை வாங்கி, கிராமப் புலவரைபடத்தோடு ஒப்பிடுங்கள். நிலம் உட்பிரிவு ஆனதில் எண் மாறியிருக்கலாம், பழைய எண்ணையும் கேளுங்கள். 100 மீட்டருக்குள் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதற்கும் அனுமதி பெற வேண்டும்.

பழங்கால மக்கள் இறந்தோரைப் புதைத்த இடத்தைச் சுற்றிக் கற்களை அடுக்கிய கல்வட்டங்கள்தான் சிக்கல். பார்த்தால் வெறும் கற்குவியல். வேலியும் இராது, பலகையும் இராது. ஜேசிபி வந்தபின், உள்ளே புதைத்த ஈமத்தாழி உடைந்துதான் தெரியவரும். அப்படித் தென்பட்டால் தோண்டுவதை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.